நிறுத்திப் பார்த்த முகம்

எங்கள் பழைய ஆய்வகத்துப் பிள்ளைகள் வாட்ஸ்அப்பில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். நான் ஓய்வு பெற்ற பிறகும் என்னை அதிலிருந்து நீக்கவில்லை. மரியாதையா, மறதியா என்று நான் கேட்டதில்லை. போன வாரம் அதில் ஒரு படம் வந்தது. வழவழப்பான ஒரு டப்பா, அதன் பின்பக்கத்தில் பூதக்கண்ணாடி கேட்கும் எழுத்தில் சேர்மானப் பொருள்கள். கீழே ஒரு கேள்வி: "சார், அம்மாவுக்கு வாங்கலாம்னு பாக்கறேன். வயசு தெரியாம வெக்கிற க்ரீமாம். ஆப்புல போட்டுப் பாத்தா நல்ல மார்க் வருது. நீங்க என்ன சொல்றீங்க?"

முகத்தில் பூசுவதற்கு மார்க் போட ஒரு ஆப்! எனக்குக் கோபம் வந்துவிட்டது. கட்டைவிரலால் குத்திக் குத்தி நீளமாக ஏதோ எழுத ஆரம்பித்தேன். பக்கத்தில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த என் மனைவி லலிதா, "அந்தப் பொண்ணு வாங்கலாமா வேணாமான்னுதானே கேட்டுச்சு? அதுக்கு எதுக்குப் போனைப் போட்டு இந்தக் குத்து குத்தறீங்க?" என்றாள். எழுதியதை அழித்துவிட்டு, "கௌசல்யா மேடத்திடம் கேட்டிருந்தால் அவர் உன்னைத் திருப்பி ஒரே ஒரு கேள்வி கேட்டிருப்பார்" என்று மட்டும் போட்டேன். இப்போதிருக்கும் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அவரைத் தெரியாது. யார் அது, என்ன கேள்வி என்று விடாமல் நச்சரிக்கிறார்கள். சரி, எழுதிவிடுகிறேன்.

என் அப்பாவுக்கு ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை. குவார்ட்டர்ஸில் வளர்ந்தேன். வேதியியல் படித்தேன், அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பெயிண்ட் கம்பெனியின் ஆய்வகத்தில் சேர்ந்தேன், அங்கேயே தலைமுடியில் பாதியைத் தொலைத்தேன். ஒருநாள் கம்பெனி மூட்டை கட்டிக்கொண்டு வேறு மாநிலத்துக்குப் போனது. நான் போகவில்லை. அதே எஸ்டேட்டில் இரண்டு தெரு தள்ளி, முகத்துக்கும் கைக்கும் பூசும் க்ரீம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் ஆள் தேவை என்றார்கள். அவர்களுக்கென்று சொந்தப் பெயரில் எதுவும் கிடையாது. யார் வந்து கேட்டாலும் செய்து, அவர்கள் பெயரை ஒட்டிக் கொடுக்கிற இடம். தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் எனக்கு வேலை, அந்தப் பிரிவின் தலைவி கௌசல்யா மேடம்.

என்னைவிட வயதில் சிறியவர். நேர்முகத்தில் நான் கொஞ்சம் மிதப்பாகத்தான் பேசினேன். பெயிண்ட் என்பது எண்ணெய்யும் தண்ணீரும் சேர்ந்ததுதானே, க்ரீமும் அதேதானே, வெள்ளைக்கு நாங்கள் போட்ட பொடியைத்தானே நீங்களும் போடுகிறீர்கள் என்றேன். அவர் மறுக்கவில்லை. "எல்லாம் சரி பெருமாள் சார். ஆனா சுவத்துக்கு அரிக்காது. அத மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க" என்றார். வேலை கிடைத்துவிட்டது. அந்த வாக்கியம் இன்றுவரை காதைவிட்டுப் போகவில்லை.

அவர் கையில் கடிகாரம் கட்ட மாட்டார், வளையலும் கிடையாது. இடது முன்கையின் உட்பக்கத்தை அவர் ஆய்வகச் சாமான்களில் ஒன்றாகவே நினைத்திருந்தார். பால்பாயிண்ட் பேனாவால் அங்கே சின்னச் சின்ன வட்டங்கள் போட்டு, வட்டத்துக்கு ஒரு க்ரீம் என்று தடவிக்கொண்டு நாள் முழுவதும் கவனிப்பார். சாயங்காலம் ஸ்கூட்டரில் வீட்டுக்குக் கிளம்பும்போது அந்தக் கை தாயக்கட்டம் வரைந்த தரை மாதிரி இருக்கும். பெட்ரோல் பங்க்கில் யாரோ பச்சை குத்தியதாக நினைத்து எங்கே குத்தினீர்கள் என்று விசாரித்தார்களாம். அதை அவரே சொல்லிச் சிரிப்பார்.

வெளியிலிருந்து ஒரு க்ரீம் மதிப்பீட்டுக்கு வந்தால் எங்கள் ஆய்வகம் ஆளே மாறிவிடும். அன்றைக்கு யாரும் பவுடர் போட்டுக்கொண்டு வரக்கூடாது. பெண்கள் மல்லிகைப்பூ வைக்கக் கூடாது. எனக்கு விபூதி மட்டும் அனுமதி. க்ரீமை அதன் டப்பாவிலிருந்து எடுத்து, சாதாரண வெள்ளை டப்பாவில் மாற்றி, எண் மட்டும் போட்டு வைப்போம். அதன் பெயரோ விலையோ மதிப்பீடு செய்கிறவர்களுக்குத் தெரியாது. "விலைய கடைசியில சொல்லுங்க. விலை தெரிஞ்சா கை பொய் சொல்லும்" என்பார் மேடம். பேக்கிங் பிரிவுப் பெண்கள்தான் எங்கள் மதிப்பீட்டாளர்கள். ஒரு கையில் வந்த க்ரீம், மறு கையில் எங்களுடையது. தடவி, காத்திருந்து, தோன்றியதைச் சொல்ல வேண்டும். ஆனால் 'நல்லா இருக்கு' என்ற சொல்லுக்கு மட்டும் அங்கே தடை. ஒட்டுது என்று சொல்லலாம். கனமா இருக்கு, சீக்கிரம் காயுது, சோப்பு வாசனை அடிக்குது, எதையும் சொல்லலாம். "நல்லா இருக்குன்னா என்னம்மா அர்த்தம்? அத விளம்பரம் எழுதறவங்க சொல்லிக்கட்டும். நீ உன் கைக்கு என்ன ஆச்சுன்னு சொல்லு." மேடமும் அந்தச் சொல்லைச் சொல்லி நான் கேட்டதில்லை. நான் உயிரைக் கொடுத்துச் செய்த க்ரீமுக்கும் அவர் வாயிலிருந்து அது வந்ததில்லை.

சேர்மானப் பொருள்களைப் படிக்க அவருக்கு ஒரு வழி இருந்தது. எது அதிகமோ அது முதலில், எது குறைவோ அது பின்னால் என்பது லேபிளின் ஒழுங்கு. மேடம் முதல் பெயரைப் பார்க்க மாட்டார். க்ரீம் கெட்டுப்போகாமல் இருக்கப் போடும் பொருள் எங்கே இருக்கிறது என்று தேடுவார். அதைச் சிட்டிகைக் கணக்கில்தான் போட முடியும். அங்கே பென்சிலால் ஒரு கோடு. "கோட்டுக்கு மேல இருக்கறவங்க குடும்பம். கீழ இருக்கறவங்க விருந்தாளி" என்பார். டப்பாவின் முன்பக்கத்தில் கொட்டை எழுத்தில் இருக்கும் பெயர் பெரும்பாலும் விருந்தாளியாகத்தான் இருக்கும். ஆனால் அதற்காக உடனே மோசடி என்று சொல்லிவிடமாட்டார். சில விருந்தாளிகள் கொஞ்சமாக வந்தாலே வேலை செய்வார்கள், அதையும் பார்க்கவேண்டும் என்பார். வெளிச்சமும் காற்றும் பட்டால் வீரியம் போய்விடும் பொருளைக் கண்ணாடி டப்பாவில் அகல வாயோடு வைத்து விற்றால்தான் அவருக்குக் கோபம் வரும்.

ஒருமுறை எங்கள் முதலாளி தன் மனைவி பூசும் வெளிநாட்டு க்ரீமைக் கொண்டுவந்தார். டப்பா கல் மாதிரி கனம். கையில் வாங்கியதும் எனக்கே பயபக்தி வந்துவிட்டது. வெள்ளை டப்பாவுக்கு மாறியதும் அந்தப் பக்தியெல்லாம் போய்விட்டது. பேக்கிங் பெண்களின் கைக்கு அதற்கும் எங்களுடையதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. சின்னத் தட்டில் வைத்து அடுப்பில் காயவிட்டுப் பார்த்ததில் பெரும்பங்கு ஆவியாகப் போயிற்று. நான் குஷியாகி, "மேடம், முக்கால்வாசி தண்ணிய டப்பாவுல போட்டு விக்கறானுங்க!" என்றேன்.

"தண்ணின்னு திட்டாதீங்க சார். மத்ததையெல்லாம் தோல் மேல பரத்தறதே தண்ணிதான். இந்த எண்ணெய்யும் தண்ணியும் பிரியாம எப்படி நிக்குது பாருங்க. செஞ்சவங்க கெட்டிக்காரங்க" என்றார் மேடம். முதலாளியிடம், "தோல காயாம வெச்சுக்கும் சார். சுருக்கத்துக்குன்னு சொல்றது கோட்டுக்குக் கீழ இருக்கு. நீங்க குடுத்த காசுல பாதி டப்பாவுக்கு" என்று சொன்னார். அப்படியானால் மனைவியை நிறுத்தச் சொல்லட்டுமா என்று முதலாளி கேட்டார். "வேண்டாம். டப்பா அழகா இருக்கறதால தினமும் போடுவாங்க. தினமும் போடறதுதான் பாதி வேலை. மீதிப் பாதிக்கு, வெயில்ல போறப்ப முகத்த மூடச் சொல்லுங்க." அடுத்தவன் செய்த பொருளை மட்டம் தட்டாமல், அதே சமயம் ஒரு பொய்கூடக் கலக்காமல் பேச முடியும் என்று எனக்குக் காட்டியவர் அவர்தான்.

இனி சுமதியின் விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் தொழிலில் 'மேட்ச்' என்று ஒரு வேலை உண்டு. வேறு யாரோ செய்த க்ரீமைக் கொண்டுவந்து, அச்சு அசலாக இதே மாதிரி வேண்டும் என்பார்கள். எங்கள் பெரிய வாடிக்கையாளர் ஒருவர் விலகிப்போய், முதலாளி முகம் வாடியிருந்த சமயத்தில் அப்படி ஒரு டப்பாவோடு வந்தாள் சுமதி. பாரிவாக்கத்துக்காரி. சென்னீர்குப்பத்தில் ப்யூட்டி பார்லர் வைத்திருந்தாள். ஒற்றை நாற்காலியோடு ஆரம்பித்துக் கடையைப் பெரிதாக்கி, வேலைக்குப் பெண்களும் வைத்திருந்தாள்.

"மேடம், நேரா மேட்டருக்கு வரேன். இத்த ஒரு ஆளு கொண்டாந்து குடுக்கறான். ஊரு கேட்டா பெங்களூர் பக்கம்ன்றான். ஒரு மாசம் வரான், ஒரு மாசம் ஆளே காணோம். எங்கிட்ட வர்ற லேடீஸுங்கோ இது இல்லாம இருக்க மாட்றாங்கோ. நசரத்பேட்டையிலேருந்து ஆட்டோ புடிச்சிகினு வர்றாங்கோ. நீங்களே பண்ணிக் குடுத்துடுங்கோ, எம்பேரு போட்டு வித்துக்கறேன்."

நீங்களும் இதைப் போடுகிறீர்களா என்று மேடம் கேட்டார்.

"இன்னா இப்டி கேட்டுட்டீங்கோ! ரெண்டு வருசமா போடறேன். சார், நீங்க சொல்லுங்க, என் வயசு இன்னா இருக்கும்?"

நான் ஒரு கணக்குச் சொன்னேன். சுமதி கைதட்டிச் சிரித்தாள். "எம்பொண்ணே காலேஜ் படிக்குது சார்!"

உண்மையாகவே சோக்கான முகம். கண்ணோரத்தில் ஒரு கோடு கிடையாது. கன்னத்தில் பளபளப்பு. மேடம் அந்த முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். "வெயில்ல போனா எரியுதா?" என்று கேட்டார். "வெயில்ல போனா யாருக்கு மேடம் எரியாது?" என்றாள் சுமதி. எல்லோரும் சிரித்தோம், பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

அந்த டப்பாவின் லேபிளில் சோற்றுக்கற்றாழை, குங்குமப்பூ, முத்துப்பொடி, வைட்டமின் என்று கல்யாணப் பந்திபோல வரிசையாக இருந்தது. மேடம் பென்சிலை எடுத்தார், கோடு போட இடமில்லை. கெட்டுப்போகாமல் காக்கும் பொருள் எதுவுமே அதில் குறிப்பிடப்படவில்லை. "இது பூசணம் புடிச்சிருக்கணும். புடிக்கலைன்னா எதையோ சொல்லாம விட்டிருக்காங்க" என்றார். எதைச் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்கும் பெரிய கருவி எங்களிடம் இல்லை. நாங்கள் அறிந்த முறையில், பாதுகாப்பான பொருள்களை வைத்து, மேட்ச் செய்ய ஆரம்பித்தோம்.

அதாவது நான் ஆரம்பித்தேன். பெயிண்டில் சாயல் பிடித்த கண் எனக்கு. அந்த இளமஞ்சளைப் பிடித்தேன். வாசனையைப் பிடித்தேன். விரலில் எடுத்தால் மூக்குப்போல நிற்கும் நுனி, தடவினால் உருகும் வேகம், காய்ந்தபின் இருக்கும் வழுவழுப்பு, ஒவ்வொன்றையும் விடாமல் துரத்தினேன். கடைசியில் பேக்கிங் பெண்களுக்கு எது எந்தக் கை என்றே தெரியவில்லை. மேடம் தன் வட்டங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு, "கை கண்டுபிடிக்கல சார்" என்றார்.

"நல்லா இருக்கா மேடம்?"

"கை கண்டுபிடிக்கலன்னு சொன்னேனே."

அன்று வீட்டுக்குப் போகும் வழியில் அரைக் கிலோ ஜாங்கிரி வாங்கிக்கொண்டு போனேன்.

சோதனைக்காகச் சில டப்பாக்களைச் சுமதி தன் வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்தாள். கொஞ்ச நாள் சத்தமில்லை. பிறகு ஒரு காலையில் அவளே புயலாக உள்ளே வந்தாள். போனை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். ஒன்றன்பின் ஒன்றாக முகங்கள். எல்லாம் சிவந்து, தடித்து, சின்னச் சின்னக் கொப்புளங்களோடு இருந்தன.

"இன்னாத்த கலந்தீங்கோ சார் இதுல? எரியுது, ஊறுதுன்னு எல்லாம் கடைக்கு முன்னாடி வந்து நிக்கறாங்கோ! நான் இன்னா பதில் சொல்றது? எம்பேரப் போட்டாச்சு!"

முதலாளி மாடியிலிருந்து இறங்கி வந்து என்னை ஒரு பார்வை பார்த்தார். பெயிண்ட்காரனை முகத்துக்குச் சேர்த்தது என் தப்பு என்று அந்தப் பார்வை சொன்னது. மேடம் என்னை விட்டுக்கொடுக்கவில்லை. "சார் செஞ்சத நான் பாத்துதான் அனுப்பினேன். கேக்கறதுன்னா என்னக் கேளுங்க" என்றார். பிறகு இருவரும் உட்கார்ந்து, ஒரே ஈடாகச் செய்த அந்தத் தொகுப்பை முதலிலிருந்து பிரித்து மேய்ந்தோம். அமில காரத் தன்மை சரி, கிருமி இல்லை, வாசனைத் திரவியம் சரி, பயன்படுத்திய தண்ணீர் சரி. எதிலும் பிழை இல்லை. பிழை இல்லாதபோதுதான் பயம் அதிகமாகிறது.

அப்போது பேக்கிங் பிரிவிலிருந்து தேவகி எதற்கோ உள்ளே வந்தாள். மதிப்பீட்டுக்குக் கொடுத்ததில் மிஞ்சிய டப்பாவை அவள் வீட்டுக்கு எடுத்துப்போய், முகத்துக்கு மட்டுமல்ல, முழங்கைக்கும் குதிகாலுக்கும் தாராளமாகப் பூசிக்கொண்டிருந்தாள். அதே தொகுப்புதான். அவள் முகத்தில் ஒரு பொட்டுச் சிவப்புகூட இல்லை. மேடம் அவளை ஜன்னல் பக்கம் திருப்பி வைத்துப் பார்த்தார். உடனே சுமதியைப் போனில் கூப்பிட்டார்.

"அவங்கல்லாம் பழச நிறுத்திட்டு நம்மளத போட்டாங்களா, ரெண்டையும் சேத்தா?"

மறுமுனையில் சுமதி விசாரித்துவிட்டுச் சொன்னாள். எல்லோரும் பழையதை நிறுத்தியிருந்தார்கள். ஒருத்தி மட்டும், பழையது வீணாகிறதே என்று இரண்டையும் குழைத்துப் பூசிக்கொண்டிருந்தாளாம். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

மேடம் போனை வைத்தார். "பெருமாள் சார், நம்மளத போட்டதால வரல. அத நிறுத்தினதால வந்திருக்கு."

வாரக்கணக்கில் அந்தக் க்ரீமின் நிறத்தையும் மணத்தையும் நான் துரத்திக்கொண்டிருந்தேன். அதை நிறுத்தினால் என்ன ஆகும் என்று ஒருவரும் கேட்கவில்லை. பெரிய கருவி உள்ள வெளி ஆய்வகத்துக்குச் சுமதியின் டப்பாவை அனுப்பினோம். பதில் வந்தது: ஸ்டீராய்டு. தோல் மருத்துவர் பார்த்து, அளந்து, கொஞ்ச நாளைக்கு மட்டும் கொடுக்க வேண்டிய மருந்து. அதைத் தினமும் முகத்தில் பூசினால் முதலில் பளபளக்கும். உள்ளே தோல் மெலிந்துகொண்டே போகும். நிறுத்திய உடனே அத்தனையும் வெளியே வரும்.

முதலாளி நல்ல மனிதர்தான், ஆனால் முதலாளி. "ஆர்டர் வேண்டாம்னு சொல்லிட்டு விட்டுடுவோம் மேடம். நமக்கு எதுக்கு வம்பு?" என்றார்.

"மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிங்களுக்குத் தகவல் குடுத்தாகணும் சார். அதுக்கு முன்னாடி அவங்ககிட்ட நான் சொல்லணும். அவங்க முகத்த நான் பாத்துட்டேனே" என்றார் மேடம்.

அன்று பிற்பகல் சென்னீர்குப்பத்துக்கு நானும் கூடப் போனேன். சுமதி கடையில் வேலை செய்யும் பெண்களை வெளியே அனுப்பிவிட்டு, மேடம் சொன்னதைக் கேட்டாள். கேட்கக் கேட்க அவள் முகம் இறுகியது.

"உங்க க்ரீம் ஊத்திக்கிச்சு. அத்த மறைக்கறதுக்கு என்ன டபாய்க்கிறீங்களா மேடம்? ரெண்டு வருசமா போடறேன், எனக்கு இன்னா ஆயிடுச்சு? இங்க வர்ற லேடீஸு போர்டப் பாத்தா வர்றாங்கோ? எம்மூஞ்சியப் பாத்து வர்றாங்கோ. எம்மூஞ்சிதான் எனக்குப் போர்டு!"

மேடம் குரலை உயர்த்தவில்லை. "எங்க க்ரீம் வேணாம். நான் சொல்றதையும் நம்ப வேணாம். பூந்தமல்லியில ஒரு தோல் டாக்டரப் பாருங்க. அவர் சொல்ற மாதிரி நிறுத்திப் பாருங்க. ஒண்ணும் ஆகலைன்னா உங்க கடைக்கு வந்து எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேக்கறேன்."

"கெளம்புங்க" என்றாள் சுமதி. ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

திரும்பி வரும் வழியில் சுமதியின் நிலைமை எங்களுக்குப் புரிந்தது. நம்பாவிட்டால் அவளை நம்பிய அத்தனை பெண்களும் பூசிக்கொண்டே இருப்பார்கள். நம்பினால் அவள் கட்டிய கடையும் பெயரும் போகும், முகமும் போகும். அதைவிடக் கெட்ட இடத்தில் ஒரு மனுஷியை நிறுத்த முடியாது. மேடம் சொன்னபடி அதிகாரிகளுக்குத் தகவல் கொடுத்தார். வட்டம் போடுவதை அடுத்த சில நாள்கள் மறந்தே போனார்.

பிறகு ஒருநாள் சுமதியிடமிருந்து போன். "மேடம், நிறுத்திட்டேன். டாக்டரையும் பாத்துட்டேன். நாளைக்கு வர முடியுமா? வரும்போது வாசன கீசன இல்லாத க்ரீம் எதுனா இருந்தா எத்துனு வாங்க." அவ்வளவுதான் சொன்னாளாம்.

நிறமும் மணமும் இல்லாமல் ஒரு சாதாரண க்ரீமைச் செய்து, டாக்டரிடமும் கேட்டுக்கொண்டு எடுத்துப் போனோம். சனிக்கிழமை, பார்லரில் கூட்டமான நாள். கடை பூட்டியிருக்கும், உள்ளறையில் அழுதுகொண்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டுதான் நான் வண்டியிலிருந்து இறங்கினேன். கடை திறந்திருந்தது. வாசலுக்கு நேரே முதல் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, தெருவைப் பார்த்தபடி சுமதி உட்கார்ந்திருந்தாள். முகம் முழுக்கச் சிவந்து வீங்கி, கன்னம் செதில் செதிலாக உரிந்து, கண் இடுங்கிப் போயிருந்தது. பவுடர் இல்லை, துப்பட்டா இல்லை. ஊரில் எல்லார் முகத்தையும் மூடி மறைக்கத் தெரிந்தவள் அவள். தன் முகத்தை மறைக்க அவளுக்கு ஒரு நிமிடம் போதும். மறைக்கவில்லை.

படியேறி வந்த ஒரு பெண் அப்படியே நின்றுவிட்டாள். "ஐயோ, இன்னாடி சுமதி, மூஞ்சி இப்டி ஆயிகீது?"

"நான் உங்களுக்கு வித்தேனே, அந்தக் க்ரீம்தாங்க்கா. நிறுத்தினா இப்டித்தான் ஆவுது. அதான் உக்காந்து காட்டிகினு கீறேன். நீங்களும் போடாதீங்கோ. போடறத திடீர்னு நீங்களா நிறுத்தவும் செய்யாதீங்கோ, டாக்டராண்ட போங்கோ. தோ, இவங்க மேடம், எல்லாம் வெவரமா சொல்லுவாங்கோ."

அந்தப் பெண் வாயில் வந்தபடி திட்டினாள். சுமதி தலையைக் குனிந்துகொள்ளவில்லை. அடுத்து வந்தவள் அழுதாள். இன்னொருத்தி தன் பையிலிருந்த டப்பாவை எடுத்துக் கவுண்டரில் வைத்துவிட்டுப் போனாள். மேடம் சுமதியின் பக்கத்தில் நின்றுகொண்டு ஒவ்வொருவரிடமும் நிதானமாகப் பேசினார். இத்தனை வருடம் எத்தனையோ ஆய்வு அறிக்கை பார்த்திருக்கிறேன். அந்த நாற்காலியில் இருந்ததுபோல ஒன்றைப் பார்த்ததில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. கண்ணாடியில் அதை யாரும் பார்த்துவிடக்கூடாதே என்று வெளியே போய் நின்றேன்.

மேடம் அதற்குப் பிறகு பல சனிக்கிழமைகள் அங்கே போனார். சில பெண்கள் திரும்பி வரவே இல்லை. வேலைக்கு இருந்தவர்களில் ஒருத்தி வேறு கடைக்குப் போய்விட்டாள். ஒரு நாற்காலி ரொம்ப நாள் துணி போர்த்திக் கிடந்தது. எங்கள் ஆய்வகத்திலும் ஒன்று மாறியது. எந்தக் க்ரீம் மதிப்பீட்டுக்கு வந்தாலும் மேடம் பென்சிலைத் தொடுவதற்கு முன்பே கேட்பார்: "இத நிறுத்தினா என்ன ஆகும்?" ஒழுங்கான க்ரீமை நிறுத்தினால் தோல் மெல்ல மெல்லப் பழையபடி ஆகும். அவ்வளவுதான், அதில் பயம் ஒன்றும் இல்லை. குழுவில் நச்சரித்த பிள்ளைகளே, மேடத்தின் கேள்வி இதுதான். படம் அனுப்பிய பெண்ணே, உன் அம்மாவுக்கு நீ பார்த்த க்ரீமில் கோட்டுக்கு மேலே உள்ளதெல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கிறது. டப்பாவின் வாய்தான் அகலம், அதனால் சின்னதாக வாங்கு. அம்மா வெயிலில் போகும்போது ஒரு குடையும் வாங்கிக் கொடு.

இன்னும் ஒன்று பாக்கி. ஏறக்குறைய ஒரு வருடம் கழித்துச் சுமதி எங்கள் ஆய்வகத்துக்கு வந்தாள். அந்த மணமில்லாத க்ரீமைத் தன் பெயரில் விற்கப்போவதாகச் சொன்னாள். லேபிளில் 'இளமை' என்று ஒரு சொல் சேர்க்கலாமே என்று முதலாளி ஆசையாகக் கேட்டார். "வேணாம் சார். தோலு காயாம வெச்சிக்கும்னு மட்டும் போடுங்கோ. அதானே செய்யுது" என்றாள்.

மேடம் எழுந்துபோய்க் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்தார். சுமதியை ஜன்னல் பக்கம் திருப்பினார். சிவப்பு போய்விட்டது. பளபளப்பும் போய்விட்டது. கன்னத்தில் அங்கங்கே கருமை, கண்ணோரத்தில் கோடுகள், சிரித்தால் வாயோரத்திலும் கோடு. காலேஜில் படிக்கும் பெண்ணுக்கு அம்மா என்று பார்த்தவுடன் சொல்லிவிடலாம். மேடம் விரல்களின் பின்பக்கத்தால் அந்தக் கன்னத்தை மெல்லத் தடவிப் பார்த்தார்.

"நல்லா இருக்கு" என்றார்.

நான் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

"இன்னா மேடம், கோடு கோடா கீது, நல்லா இருக்குன்றீங்கோ?" என்றாள் சுமதி.

"ஆமா" என்றார் மேடம். "ரொம்ப நல்லா இருக்கு."